இசையா, கணக்கா: மகளை எதில் சேர்ப்பது?

உங்கள் மகள் கணக்கில் கெட்டி. ஆனால் வயலினையும் விட மாட்டேன் என்கிறாள், தரவை இசையாக்கும் வேலைக்குப் போகிறேன் என்கிறாள், இதெல்லாம் சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கவலைதான். ஆனால் அவள் சொல்வது வெறும் கனவு இல்லை. எண்களை ஒலியாக மாற்றி, காதால் புரிந்துகொள்வதுதான் அது. ஏற்கெனவே பல இடங்களில் நடக்கிறது.

ஆபரேஷன் தியேட்டரில் நோயாளியின் விரலில் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் மாட்டியிருப்பார்கள். ஒவ்வொரு நாடித் துடிப்புக்கும் ஒரு 'பீப்'. ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறையக் குறைய அந்த 'பீப்'பின் சுருதியும் இறங்கும். மயக்க மருந்து டாக்டர் திரையைப் பார்க்காமலே நிலைமையைக் காதால் பிடித்துவிடுவார். போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த வானியலாளர் வாண்டா டியாஸ் மெர்செட் பார்வையை இழந்த பிறகு, விண்வெளித் தரவை ஒலியாக மாற்றிக் கேட்டே ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 2021இல் வந்த ஐஓஎஸ் 15 என்ற இயங்குதளம் முதல் ஐபோனிலும் எண்களைக் காட்டும் வரைபடங்களை (கிராஃப்) ஒலியாகக் கேட்கும் வசதி இருக்கிறது.

சரி, வேலை? 'தரவை ஒலியாக்குபவர் தேவை' என்று வேலை விளம்பரம் வருவது அபூர்வம், அதை மறைக்க மாட்டேன். மருத்துவக் கருவி வடிவமைப்பு, பார்வையற்றோருக்கான மென்பொருள், அறிவியல் அருங்காட்சியகம், எண்களை வைத்துச் செய்தி சொல்லும் தரவு இதழியல் போன்ற வேலைகளுக்குள் ஒரு பகுதியாகத்தான் இது வரும். அதனால் பட்டப்படிப்பு புள்ளியியலோ கணினி அறிவியலோ ஆக இருக்கட்டும். வயலின் வகுப்பை மட்டும் தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

ஏன் என்று அவளே செய்து பார்க்கட்டும். ஓர் ஊரின் ஓராண்டு வெப்பநிலை, நாளுக்கு ஒன்றாக 365 எண்கள். ஒவ்வொரு எண்ணும் ஒரு ஸ்வரம். மிகக் குறைந்தது கீழே ஸ, மிக அதிகமானது இரண்டு ஸ்தாயி மேலே ஸ (ஒரு ஸ முதல் அடுத்த ஸ வரை ஒரு ஸ்தாயி). நொடிக்கு 10 ஸ்வரம் என்றால் முழு ஆண்டும் 37 நொடிக்குள் காதில் ஓடிவிடும். கொஞ்சம் பைத்தான் என்ற நிரல்மொழியும், ஸ்வரங்களைக் கணினிக்குச் சொல்லும் மிடி என்ற முறையும் தெரிந்தால் போதும். முதலில் பிடித்த ராகத்தில் போடத்தான் ஆசை வரும். மோகனம் என்றால் ஸ்தாயிக்கு ஐந்தே ஸ்வரம், 31 டிகிரியும் 32 டிகிரியும் ஒன்றிலேயே விழுந்துவிடலாம். காதுக்கு இனிமை, ஆனால் வித்தியாசம் போச்சு. பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்களையும் எடுத்தால் விவரம் கூடும், இனிமை குறையும். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று முடிவு செய்வதுதான் இந்தத் துறையின் நிஜமான வேலை. பயிற்சி பெற்ற காதுக்கு அங்கேதான் மதிப்பு.

அப்புறம், அந்தத் தரவைப் பார்க்காத ஒருவரிடம் போட்டுக்காட்டி, வெயில் உச்சத்துக்குப் போனது ஆண்டின் எந்தப் பகுதியில் என்று கேட்கும்படி மகளிடம் சொல்லுங்கள். அவர் தடுமாறினால் ஒலியமைப்பை மாற்ற வேண்டும். என்ன மாற்றினாள், ஏன் மாற்றினாள் என்று ஒவ்வொரு முறையும் எழுதி வைக்கட்டும். நேர்காணலில் காட்ட அந்தக் குறிப்பேடு சான்றிதழைவிட உதவும். கல்லூரி பார்க்கும்போது, ஒலி போன்ற அலைகளைக் கணக்கால் கையாளும் சிக்னல் பிராசஸிங் விருப்பப் பாடமாக உண்டா என்றும் விசாரித்துவிடுங்கள்.