கோட்பாட்டுத் துகள் இயற்பியலில் மெஷின் லேர்னிங் போஸ்ட்டாக் என்ன செய்வார்?

தாளும் பேனாவும் போதும் என்கிற துறையில் மெஷின் லேர்னிங்குக்கும், அதைச் செய்யும் போஸ்ட்டாக்குக்கும் (முனைவர் பட்டம் முடித்தபின் ஆய்வு செய்பவர்) என்ன வேலை என்று கேட்டிருக்கிறீர்கள். நிறைய இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன்.

புரோட்டானுக்குள் குவார்க்குகள் என்ற துகள்களும், அவற்றை ஒட்டவைக்கும் குளுவான்களும் எப்படிப் பிணைந்திருக்கின்றன என்பதைத் தாளில் போட்டு முடிக்க முடியாது. அதனால் வெளியையும் காலத்தையும் கட்டம் கட்டமாகப் பிரித்து, புலம் எப்படியெல்லாம் அமையலாம் என்று சூப்பர் கம்ப்யூட்டரில் ஏராளமான மாதிரிகள் எடுப்பார்கள். இதுதான் லாட்டிஸ் க்யூசிடி (க்யூசிடி என்பது குவார்க்குகளையும் குளுவான்களையும் விவரிக்கும் கோட்பாடு, லாட்டிஸ் என்பது அந்தக் கட்டம்). கட்டத்தைச் சிறிதாக்கச் சிறிதாக்க, அடுத்தடுத்த மாதிரிகள் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே வரும், கணக்கு நகரவே நகராது.

இதற்கு வழி தேடி, 2019-இல் எம்ஐடி-யின் இயற்பியலாளர் ஃபியாலா ஷனஹானும் சகாக்களும் ஒரு எளிய இருபரிமாணக் கோட்பாட்டில், எளிய சீரற்ற எண்களைப் படிப்படியாக மாற்றிப் புது மாதிரிகளாக்கும் நார்மலைசிங் ஃப்ளோ என்ற நியூரல் நெட்வொர்க்கையே மாதிரிகளை உருவாக்க வைத்தார்கள். ஒவ்வொன்றையும் ஏற்பதா தள்ளுவதா என்று முடிவு செய்வது பழைய மெட்ரோபோலிஸ் முறைதான், ஆகவே நெட்வொர்க் சொதப்பினால் நேரம் வீணாகுமே தவிர விடை பிசகாது. அழகே அதில்தான்!

இதை நிஜமான நாற்பரிமாண க்யூசிடி அளவுக்கு வளர்ப்பதுதான் பெரும்பாடு, இப்படிப்பட்ட போஸ்ட்டாக்கின் வேலையும் அதுதான். அதற்கு பைத்தான் மட்டும் போதாது, கேஜ் சமச்சீர்மையை (புலத்தை விவரிக்கும் விதத்தை இடத்துக்கு இடம் மாற்றினாலும் இயற்பியல் மாறாது என்ற விதி) நெட்வொர்க்குக்குள்ளேயே கட்டத் தெரியணும், அப்புறம் குவாண்டம் புலக் கோட்பாடு நன்றாக ஊறியிருக்க வேண்டும்.