ஹீட்டர் பில்ல கிரெடிட் கார்டுல தள்ளாதீங்க

ஊட்டியில இருந்து ஒரு டீச்சர் எழுதியிருக்காங்க. மாமியாருக்கு 74 வயசு, மூட்டுவலி, நவம்பர் பொறந்தா ராத்திரி தூக்கமே இல்ல, அதனால ஹால்ல 2000 வாட்ஸ் ஹீட்டர் சாயங்காலம் ஆறு மணியில இருந்து பன்னெண்டு வரைக்கும் ஓடுது. 700 ரூபா வந்துட்டிருந்த ரெண்டு மாச ஈபி பில் 7,000 தாண்டிருச்சு. ரெண்டு வருஷமா குளிர்கால பில்ல கார்டுல கட்டி, மினிமம் ட்யூ, அதாவது பேங்க் கேக்கற குறைஞ்சபட்சத் தொகை மட்டும் செலுத்தி, இப்ப பாக்கி 38,000. கோயமுத்தூர்ல ஷோரூம் வெச்சிருக்கற கொழுந்தனார் சூடும் குளிரும் ரெண்டும் தர்ற ஹாட் அண்ட் கோல்ட் ஏசி 52,000, வட்டியில்லாத நோ காஸ்ட் இஎம்ஐ, வாங்கிக்கோங்க அண்ணின்னு நச்சரிக்கறாராம்.

மேடம், ஸ்வெட்டர் போடுங்க, ஜன்னல சாத்துங்கன்னு ஊட்டிக்காரங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. குளிரும் ஹீட்டரும் உங்கள கடனாளி ஆக்கல, அந்த மினிமம் ட்யூ பழக்கம்தான் ஆக்கிருக்கு. மாசம் மூன்றரை பர்சென்ட்னு வெச்சா 38,000க்கு வட்டி 1,330, அதுக்கு ஜிஎஸ்டி 240, மொத்தம் 1,570. நீங்க மினிமம் ட்யூன்னு கட்டறது 1,900. அசல்ல கழியறது வெறும் 330 ரூபா! பாக்கி நிக்கற வரைக்கும் புதுசா எது தேய்ச்சாலும் அன்னைக்கே வட்டி ஓட ஆரம்பிச்சிரும், அந்த 45 நாள் வட்டியில்லா சலுகையெல்லாம் முழுசா கட்டறவங்களுக்குத்தான்.

அதனால இந்த வாரமே ஒரு வளையலோ செயினோ பேங்க்ல வெச்சு நகைக்கடன் எடுத்து கார்ட மொத்தமா அடைச்சிருங்க. வருஷத்துக்கு 9, 10 பர்சென்ட்தான், 38,000க்கு மாசம் 300 சொச்சம் வட்டி. அதே 1,900த்த அங்க கட்டுனா 1,600 அசல்ல போகும். நகைய அடகு வெக்கறது கௌரவக் குறைச்சல்னு நெனைக்காதீங்க, இப்ப கட்டறதுதான் கந்துவட்டி. அடைச்ச கையோட கார்டு லிமிட்டையும் கொறைக்கச் சொல்லிருங்க.

இப்ப ஹீட்டர். 2000 வாட்ஸ் ஆறு மணி நேரம்னா நாளைக்கு 12 யூனிட், ரெண்டு மாசத்துக்கு 720, வழக்கமான 300ஓட சேர்த்தா 1,020. 2024 ஜூலை கட்டணப்படி 500 யூனிட் தாண்டுனா எட்டரை ரூபாயில ஆரம்பிச்சு ஆயிரத்துக்கு மேல 11.80 வரைக்கும் ஏறும், அதான் 7,200 வருது. ஹால சூடு பண்றத விட்டுட்டு மாமியார் படுக்கற சின்ன ரூம்ல மட்டும், 1000 வாட்ஸ்ல, மூணு மணி நேரம் போடுங்க, கதவுக்கு அடியில ஒரு பழைய சாக்க சுருட்டி வெச்சிருங்க. 180 யூனிட்தான், மொத்தம் 480, பில் 1,700 கிட்டதான் வரும். ராத்திரி முழுக்க வேணும்னா எலக்ட்ரிக் ப்ளாங்கெட், எட்டு மணி நேரம் ஓடுனாலும் ஒரு யூனிட் ஆகறதே கஷ்டம். பாதி கரண்ட்ல அதே சூடுன்னு விளம்பரம் பண்ற குட்டி ஹீட்டர நம்பாதீங்க, காயில் ஹீட்டர் எதுவா இருந்தாலும் ஒரு யூனிட்டுக்கு ஒரே சூடுதான்.

பில் கொறையணும்னு கரி அடுப்ப மட்டும் மூடுன ரூமுக்குள்ள வெச்சிராதீங்க. அந்தப் புகையில வாசனையே தெரியாத கார்பன் மோனாக்சைடு இருக்கு, தூக்கத்துலயே உயிர் போயிரும், வயசானவங்க ரூம்ல கேக்கவே வேணாம்.

அந்த ஏசி மோசமான பொருள் இல்ல. ஒரு யூனிட்டுக்கு மூணு மடங்கு சூடு தரும், உண்மைதான். ஆனா இப்ப ஓட்டற மாதிரியே ஓட்டுனாலும் வருஷத்துக்கு ரெண்டு பில்லுல சேர்த்து 9,500 மிச்சம், போட்ட 52,000 திரும்ப அஞ்சு வருஷத்துக்கு மேல ஆகும், சின்ன ரூமுக்கு மாறிட்டீங்கன்னா அந்த மிச்சமும் இல்ல. மாசம் 4,300 இஎம்ஐ வேற, நோ காஸ்ட்னு பேருதான், ப்ராசசிங் ஃபீயும் ஜிஎஸ்டியும் நம்ம தலையில. நகைய மீட்டதுக்கப்புறம் பாக்கலாம்னு கொழுந்தனார்கிட்ட நீங்க சொல்லாதீங்க, உங்க வீட்டுக்காரர சொல்லச் சொல்லுங்க, அவர் தம்பிதானே.