கிளிப்பச்சை பிஸ்தா

கே: ரோமில் பிஸ்தா ஜெலாட்டோ (இத்தாலி ஐஸ்கிரீம்) வாங்கினோம். கிளிப்பச்சை நிறம், கோபுரமாகக் குவித்திருந்தார்கள். வாயில் வைத்தால் பாதாம் எசன்ஸ் வாடை. (கோவை)

ப: ஏமாற்றியிருக்கிறார்கள். வறுத்து அரைத்த பிஸ்தா, பழுப்பு கலந்த மங்கிய பச்சையாகத்தான் இருக்கும்; வறுக்கும்போதே பாதிப் பசுமை போய்விடும். கிளிப்பச்சை என்றால் சாயம். பருப்பைக் குறைத்து, மலிவான விழுதும் எசன்ஸும் சேர்த்தால் நீங்கள் சொன்ன வாடை வரும். சிசிலியில் எட்னா எரிமலைச் சரிவில் விளையும் ப்ரோன்டே பிஸ்தா இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் அறுவடை. போர்டில் அந்தப் பெயரை எழுதுகிற கடைக்கெல்லாம் பருப்பு எங்கிருந்து வரும்? அடுத்தமுறை முதலில் வாழைப்பழ ஜெலாட்டோ இருக்கும் தட்டைப் பாருங்கள். நிஜப் பழம் என்றால் சாம்பல் படிந்த வெள்ளை. மஞ்சளாக இருந்தால் பிஸ்தாவையும் நம்பாதீர்கள். கோபுரமாக நிற்பது பெரும்பாலும் காற்றும் தாவரக் கொழுப்பும். மூடிபோட்ட எஃகுக் குடுவையில் வைத்து விற்கும் கடையாகத் தேடுங்கள்.

கே: இஸ்தான்புல்லில் சலேப் பாக்கெட் வாங்கி வந்தேன். இழுபடும் துருக்கி ஐஸ்கிரீம் வரவேயில்லை. (சிங்கப்பூர்)

ப: வராது. சலேப் என்பது ஆர்க்கிட் கிழங்கு மாவு; அந்த இழுவையைத் தருவது அதுதான். துருக்கி அதை ஏற்றுமதி செய்யவே தடை போட்டிருக்கிறது. பாக்கெட்டில் ‘அரோமாலி’ என்ற சொல் இருக்கும், வாசனை சேர்த்தது என்று பொருள். உள்ளே சர்க்கரையும் ஸ்டார்ச்சும். என் அலமாரியிலும் இரண்டு கிடக்கின்றன.

கே: ஹெல்சிங்கியில் மகன் கறுப்பு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தான். உப்புக் கரிக்கிறது. கெட்டதா? எனக்கு பிரஷர் உண்டு. (திருச்சி)

ப: கெடவில்லை, அதன் பெயர் சல்மியாக்கி. ஈயம் பூசுகிறவர் வைத்திருக்கும் நவச்சாரமும் அதிமதுரமும் சேர்ந்தது. அதிமதுரம் பிரஷரை ஏற்றும். ஒரு கரண்டியோடு நிறுத்துங்கள்.

கே: பிலிப்பைன்ஸ் கடை ஊபே ஐஸ்கிரீம் நம் ராசவள்ளி மாதிரியே இருக்கிறது. வீட்டில் செய்யலாமா? (டொராண்டோ)

ப: மாதிரி என்ன, அதே கிழங்குதான். ‘டாரோ’ என்று போட்டிருந்தால் அது சேப்பங்கிழங்கு. ராசவள்ளியைத் தோலோடு அவித்து உரித்து, 250 கிராம் மசித்துச் சல்லடையில் தேய்த்தெடுங்கள். 400 கிராம் கண்டென்ஸ்டு மில்க் கலந்து ஃப்ரிட்ஜில் நன்றாகக் குளிர வையுங்கள். 35% கொழுப்புள்ள கிரீம் 500 மில்லி நுரைக்க அடித்து, மூன்று தவணையாக மெல்லச் சேர்த்து, 8 மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். மசியல் சூடாக இருந்தால் நுரை அடங்கிவிடும்; அப்புறம் மறுநாள் கரண்டி இறங்காது.

கே: ஆன்லைனில் வாங்கிய டுரியான் ஐஸ்கிரீம் மணல்போல் நறநறக்கிறது. வாசலில் மூன்று மணி நேரம் இருந்தது. பணம் கேட்கலாமா? (கோலாலம்பூர்)

ப: உருகியதைத் திரும்ப உறையவைத்தால் பனித்துகள் பெருத்து நறநறக்கும். மூன்று மணி நேரம் வாசலில் விட்டது கடைக்காரரா?

கே: கல்யாணத்துக்குக் குல்ஃபி பேசி முன்பணம் கொடுத்தோம். வந்தது ‘ஃப்ரோசன் டெசர்ட்’. கேட்டரர், ‘ரெண்டும் ஒண்ணுதாம்மா’ என்கிறார். (மதுரை)

ப: ஒன்றில்லை அம்மா. குல்ஃபி சுண்டிய பால். கடைவதில்லை, அதனால் காற்று குறைவு, கனம் அதிகம். ஃப்ரோசன் டெசர்ட்டில் தாவர எண்ணெய். டப்பாவின் பின்பக்கத்தைப் போட்டோ எடுங்கள். ‘குல்ஃபி’ என்று எழுதிய கொட்டேஷன், பணம் கட்டிய ரசீது இரண்டையும் சேர்த்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். பாக்கிப் பணத்தை அதுவரை கொடுக்காதீர்கள்.