ஸ்போர்ட்ஸ் காரில் கூரைத் துணி தொங்குகிறது, பாக்கெட் வாய் பிளக்கிறது: என்ன செய்யலாம்?

கேள்வி: இரண்டு வருடத்துக்கு முன் செகண்ட்ஹேண்டில் ஒரு ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினேன். 2009 மாடல், இரண்டு கதவு. போன சித்திரையில் கூரைத் துணி பின்கண்ணாடிப் பக்கம் புடைத்து இறங்க ஆரம்பித்தது. இப்போது தலையில் இடிக்கிறது. ரியர்வியூ கண்ணாடியில் பாதி தெரிவதில்லை. பக்கத்துக் குஷன் கடையில் இரண்டு முறை பசை அடித்து ஒட்டினார்கள். மொத்தம் 5,000 ரூபாய். இரண்டு முறையும் ஒரு மாதம்கூட நிற்கவில்லை. கம்பெனி சர்வீஸ் சென்டரில், கூரைப் பலகையையே புதிதாகப் போட வேண்டும், ஒரு லட்சத்துக்கு மேல் ஆகும் என்கிறார்கள். டோர் பாக்கெட்டும் சீட்டின் முதுகுப் பாக்கெட்டும்கூடத் தொளதொளத்துக் கிடக்கின்றன. வழி சொல்லுங்கள். கொடுத்த பணம் திரும்பக் கிடைக்குமா?
- ஒரு வாசகர், கோவை

பதில்: அந்த ஒரு லட்சத்தை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். மூன்றாவது முறை பசை அடிக்கவும் விடாதீர்கள்.

துணி ஏன் மறுபடி மறுபடி விழுகிறது என்று முதலில் பார்ப்போம். கூரைத் துணி நேராகப் பலகையில் ஒட்டப்பட்டதில்லை. துணியின் முதுகில் சுமார் 3 மில்லிமீட்டர் கனத்தில் ஃபோம் இருக்கும். அந்த ஃபோம்தான் பலகையில் ஒட்டியிருக்கும். பாலியூரிதேன் ஃபோம் சூட்டிலும் ஈரக் காற்றிலும் வருடக்கணக்கில் கிடந்தால் மக்கிப்போகும். வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் 60 டிகிரி சுலபமாக வந்துவிடும். உங்களுடையது போன்ற காரில் கூரை தாழ்வு, பின்கண்ணாடி சாய்வு. வெயில் நேராக அங்கேதான் இறங்கும். அதனால்தான் பின்பக்கம் முதலில் விட்டது.

தொங்குகிற இடத்தில் துணியை ஓரத்தில் கொஞ்சம் விலக்கி, உள்ளே விரலால் தேய்த்துப் பாருங்கள். கேழ்வரகு மாவு போலப் பழுப்பாக, லேசாகப் பிசுபிசுத்து விரலில் ஒட்டும். அதுதான் மக்கிய ஃபோம். எவ்வளவு உயர்ந்த பசையாக இருந்தாலும் அந்த மாவின் மேல்தான் பிடிக்கும். மாவு பலகையை விட்டுப் பெயரும்போது பசையும் துணியும் சேர்ந்தே இறங்கிவிடும். உங்கள் கடைக்காரர் இரண்டு முறையும் செய்தது இதைத்தான்.

சரியான வேலை, பலகையை இறக்கிச் செய்வது. பலகை நன்றாக இருந்தால் அதையே வைத்துக்கொண்டு துணியை மட்டும் மாற்றலாம். சர்வீஸ் சென்டர் சொன்னதில் சிறு பங்குதான் செலவாகும். சில மாடல்களில் சீட்டுகளைக் கழற்றினால் பலகை டிக்கிக் கதவு வழியே வந்துவிடும். சிலவற்றில் முன்கண்ணாடியை எடுக்காமல் வராது. 'எப்படி வெளியே எடுப்பீர்கள்?' என்று கடையில் முதலில் இதைக் கேளுங்கள். லேசாக மடக்கி எடுத்துவிடலாம் என்று சொல்பவரிடம் கொடுக்க வேண்டாம். அழுத்தி வார்த்த அந்தப் பலகை ஒரு முறை மடங்கினால், புதுத் துணி போட்டாலும் கோடு தெரிந்துகொண்டே இருக்கும்.

இறக்கியதும் பழைய துணியை உரித்து, மிச்ச ஃபோமை நைலான் பிரஷால் ஒரு பொட்டு இல்லாமல் தேய்த்தெடுக்க வேண்டும். கம்பி பிரஷ் பலகையைச் சுரண்டிவிடும். இந்த வேலைக்குப் பாதி நாள் பிடிக்கும், தூசி பறக்கும், முகமூடி வேண்டும். குறைந்த கூலிக்குச் செய்பவர்கள் தாண்டிப் போவது இந்தக் கட்டத்தைத்தான். முடிந்தால் சுத்தம் செய்த பலகையைத் துணி ஒட்டுவதற்கு முன் நேரில் போய்ப் பாருங்கள்.

துணி ஃபோம் வைத்த கூரைத் துணியாகவே இருக்கட்டும், சீட் துணியோ ரெக்சினோ வேண்டாம். இழுத்தால் கொடுக்கிற துணிதான் பள்ளம் மேட்டில் படியும். பசை வெப்பம் தாங்கும் வகையா என்று டப்பாவை வாங்கிப் படியுங்கள். பலகையிலும் ஃபோமிலும் தனித்தனியே அடித்து, விரல் வைத்தால் நூல் இழுக்காத பதம் வரும்வரை விட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் தடவிக்கொண்டே போக வேண்டும். பள்ளத்தின் மேல் துணியை விறைப்பாக இழுத்து ஒட்டினால் அடுத்த கோடையில் அந்த இடம்தான் முதலில் எழும்பும். ஒரு நாள் காய்ந்த பிறகு மாட்டுவது நல்லது.

ஏர்பேக் விஷயத்தில் மட்டும் அசட்டையாக இருக்கக் கூடாது. சில கார்களில் கூரை ஓரத்திலேயே, மோதினால் ஜன்னல் மேல் திரைபோல விரியும் திரை ஏர்பேக் இருக்கும். இரண்டு கதவு கார்கள் சிலவற்றில் ஏர்பேக் சீட்டின் பக்கவாட்டில் இருக்கும். உங்களுடையதில் எங்கே என்று மேனுவலில் பார்த்துக் கடைக்காரரிடம் காட்டுங்கள். பேட்டரி கழற்றாமல் அந்தப் பக்கம் கை வைக்கக் கூடாது. கூரை ஓரத்தில் பின், ஸ்க்ரூ எதுவும் அடிக்கக் கூடாது.

சீட் முதுகுப் பாக்கெட்டுக்கும் இது பொருந்தும். பக்கவாட்டில் ஏர்பேக் உள்ள சீட்டின் தையலைப் பிரிக்கவோ மேலே உறை மாட்டவோ விடாதீர்கள். பாக்கெட்டை மட்டும் கழற்றி, வாயில் செத்துப்போன எலாஸ்டிக்கை மாற்றினால் போதும். இழுக்கும்போது அகலம் குறையாத நெய்த எலாஸ்டிக்கைக் கேட்டு வாங்குங்கள். பாலியஸ்டர் நூலால் தைக்கச் சொல்லுங்கள், பருத்தி நூல் இற்றுவிடும்.

டோர் பாக்கெட் வேறு கதை. அங்கே பெரும்பாலும் துணியில் குற்றம் இருக்காது, பின்னால் உள்ள அட்டை ஊறி வளைந்திருக்கும். மழைநீர் ஜன்னல் கண்ணாடியை ஒட்டிக் கதவுக்குள் இறங்கி அடித்துளை வழியே வெளியேறுவது இயல்பு. அது அட்டையை நனைக்காமல் இருக்கத்தான் டோர் பேடுக்கு (கதவின் உள்பக்க மூடிக்கு)ப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருப்பார்கள். முன்பு யாரோ ஸ்பீக்கர் மாட்டும்போது அதைக் கிழித்து, திரும்ப ஒட்டாமல் விட்டிருக்கலாம். டோர் பேடைக் கழற்றிப் பாருங்கள். ஷீட்டைச் சரிசெய்து, அட்டைக்குப் பதில் தண்ணீர் குடிக்காத பிளாஸ்டிக் பலகை வெட்டிப் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், அந்த 5,000 ரூபாய். பில் இருக்கிறதா? கேட்டும் தர மறுத்தால் அதுவே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடவடிக்கை. முதலில் கடைக்காரருக்கு எழுத்தில் கொடுங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். இவ்வளவு சிறிய தொகைக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. ஒன்றை மறக்காதீர்கள்: பலகையை இறக்கும் முன் தொங்கும் துணியையும் விரலில் ஒட்டிய தூளையும் தேதியோடு போட்டோ எடுத்துவிடுங்கள். சுத்தம் செய்த பிறகு காட்டுவதற்கு எதுவும் இருக்காது.

கேள்வி: பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. இன்ஜின் அருமை, ஆனால் கூரைத் துணி தொங்குகிறது. விட்டுவிடலாமா?
- ஒரு வாசகர், சென்னை

பதில்: காய்ந்து தொங்கினால் வயதின் கோளாறு. மேலே சொன்ன வேலைக்கு ஒரு எஸ்டிமேட் வாங்கி, அந்தத் தொகையை விலையில் குறைத்துக் கேளுங்கள். தண்ணீர் காய்ந்த வளையம்போல் கறை தெரிந்தால் சன்ரூஃப் ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். சென்னை வண்டி என்பதால் இன்னொன்று: 2015, 2023 வெள்ளத்தில் நின்ற கார்கள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கலாம். சீட் பெல்ட்டை முழுதாக வெளியே இழுத்து அதன் அடிமுனையைப் பாருங்கள். அங்கே சேற்றுக் கோடு தெரிந்தால் பேரமே வேண்டாம், சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.