வாசகர் கேள்வி–பதில்: அடுத்து எந்த லென்ஸ்?

கேள்வி: இரண்டு ஆண்டுகளாகக் கிராப் சென்சார் கேமராவும் அதோடு வந்த 18-55 மி.மீ. கிட் லென்ஸும் வைத்திருக்கிறேன். மாலையில் வீட்டுக்குள் விளையாடும் என் இரு குழந்தைகளையும் எடுத்தால் படங்கள் பெரும்பாலும் கலங்கலாகவே வருகின்றன. நண்பர் ஒருவர் 50 மி.மீ. எஃப் 1.8 வாங்கச் சொல்கிறார். இன்னொருவரோ 70-300 மி.மீ. ஜூம் இருந்தால்தான் எதையும் எடுக்க முடியும் என்கிறார். ஒரே ஒரு லென்ஸ்தான் வாங்க முடியும். எதை வாங்குவது?

பதில்: பாதி விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. மாலை நேரம், வீட்டுக்குள், ஓடும் குழந்தைகள் என்று எழுதியிருக்கிறீர்களே தவிர, தூரத்தில் இருப்பது எட்டவில்லை என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. ஆகவே 70-300ஐ இப்போதைக்கு மறந்துவிடலாம். அந்த வகை ஜூம்களில் பெரும்பாலானவற்றின் அப்பர்ச்சர், அதாவது ஒளி நுழையும் துளை, உங்கள் கிட் லென்ஸைவிடப் பெரிதாகத் திறப்பதில்லை. அறைக்குள் 70 மி.மீ. என்பது ஒரு முகத்துக்கு மேல் இடம் கொடுப்பதும் அரிது. எனக்கும் ஒரு காலத்தில் இப்படியொரு நீண்ட ஜூம் மீது மோகம் வந்தது. அது அலமாரியில் கழித்த நாட்களே அதிகம்.

கலங்கலுக்குக் காரணம் ஷட்டர் வேகம் போதாததுதான் என்பதை ஒரு கணக்கால் உறுதி செய்துகொள்ளலாம். கிட் லென்ஸை 35 மி.மீ. அளவில் வைத்தால் அது திறக்கக்கூடிய அதிகபட்ச அப்பர்ச்சர் ஏறத்தாழ எஃப் 4.5 (எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிது). எஃப் 1.8 வரை திறக்கும், ஜூம் இல்லாத பிரைம் லென்ஸோடு ஒப்பிட்டால் விகிதம் 2.5, உள்ளே வரும் வெளிச்சம் அந்த விகிதத்தின் வர்க்கத்தில் கூடுவதால், ஆறு மடங்குக்குச் சற்று அதிகமான ஒளி சென்சாரை அடையும். இப்போது 1/15 நொடியில் எடுக்க நேரும் படத்தை, ஐ.எஸ்.ஓ.வை (கேமராவின் ஒளியுணர்வு அளவை)த் தொடாமலேயே ஏறக்குறைய 1/100 நொடியில் எடுத்துவிடலாம். ஓடும் குழந்தைக்கு 1/250 நொடியாவது வேண்டியிருக்கும் என்பதால் மீதியை ஐ.எஸ்.ஓ.வை உயர்த்தி ஈடுகட்டுங்கள். கிட் லென்ஸில்தான் அதிர்வுத் தடுப்பு இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். அது உங்கள் கை நடுக்கத்தைச் சமாளிக்குமே ஒழிய, குழந்தையின் கால்களை நிறுத்தி வைக்காது.

அப்படியானால் நண்பர் சொன்ன 50 மி.மீ. லென்ஸையே வாங்கிவிடலாமா என்றால், இங்கேதான் நான் அவரோடு வேறுபடுகிறேன். உங்கள் கேமராவின் கிராப் சென்சார், பழைய ஃபிலிம் சட்டத்தின் அளவுள்ள ஃபுல் ஃபிரேம் சென்சாரைவிடச் சிறியது. நிக்கான், சோனி, ஃபியூஜி ஆகியவற்றின் இவ்வகைக் கேமராக்களில் குவியத் தூரத்தை (லென்ஸின் மி.மீ. எண்ணை) 1.5ஆலும், கேனானில் 1.6ஆலும் பெருக்கினால்தான் படத்தில் எவ்வளவு பரப்பு அடங்கும் என்பது விளங்கும். அந்தக் கணக்குப்படி 50 மி.மீ. லென்ஸ், ஃபுல் ஃபிரேம் கேமராவில் 75 அல்லது 80 மி.மீ. தரும் பார்வையைத் தருகிறது. ஒருவரை மட்டும் அமர வைத்து முகம் எடுக்க அது அருமையான அளவுதான். ஆனால் சிறிய அறையில் இரண்டு குழந்தைகளையும் தலை முதல் கால் வரை அடக்க நீங்கள் பின்னால் நகர்ந்துகொண்டே போனால், முதுகு சுவரில் இடித்துவிடும். 35 மி.மீ. எஃப் 1.8 அந்தத் தொல்லையைப் பெருமளவு குறைக்கும்.

என் சொல்லை நம்பியும் வாங்க வேண்டியதில்லை. கிட் லென்ஸின் ஜூம் வளையத்தை 35இல் நிறுத்தி, அது நகராதபடி ஒரு துண்டு டேப் ஒட்டி, ஒரு வாரம் அதிலேயே எடுங்கள். அடுத்த வாரம் 50இல் ஒட்டுங்கள். படங்கள் கலங்கலாக வந்தாலும் பரவாயில்லை. எந்த வாரத்தில் உங்களுக்கு மூச்சு முட்டியது என்பதுதான் நமக்குத் தேவையான செய்தி. பழைய படங்களையும் பாருங்கள். ஒவ்வொரு படமும் எந்தக் குவியத் தூரத்தில் எடுக்கப்பட்டது என்ற விவரம் அந்தக் கோப்புக்குள்ளேயே பதிவாகியிருக்கும். கணினியில் திறந்தால் தெரியும். ஆனால் அந்தக் கணக்கைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடக் கூடாது. 18இல் எடுத்த படங்கள் குவிந்திருப்பது, இன்னும் அகலமான லென்ஸ் வேண்டும் என்பதையும் காட்டலாம். வாசற்படியை விட்டு நகராமல் எல்லாவற்றையும் எடுத்த சோம்பலையும் காட்டலாம். எடுத்த பிறகு ஓரங்களை எவ்வளவு வெட்டினீர்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் உண்மை பிடிபடும். எடுக்க முடியாது என்று கைவிட்ட படங்கள் எந்தக் கணினியிலும் இருக்காது. அவற்றை நினைவிலிருந்துதான் எண்ண வேண்டும்.

35 மி.மீ. வாங்கினால் ஓர் எச்சரிக்கை. எஃப் 1.8இல், இரண்டு மீட்டர் தூரத்தில் நிற்பவரை எடுக்கும்போது முன்னும் பின்னுமாகச் சேர்த்துக் கூர்மையாக இருக்கும் ஆழம் இருபது சென்டிமீட்டருக்குச் சற்றே அதிகம், 50 மி.மீ. லென்ஸில் அதிலும் பாதிதான். மூத்த குழந்தையின் கண் துல்லியமாக இருக்க, ஓரடி பின்னால் நிற்கும் இளையவரின் முகம் மங்கிவிடும். இருவரையும் சேர்த்து எடுக்க அப்பர்ச்சரை எஃப் 2.8 வரையாவது குறைத்துக்கொள்ளுங்கள். அப்போது கிட் லென்ஸைவிடக் கிடைக்கும் ஒளி ஆறு மடங்காக இராது, இரண்டரை மடங்கு மட்டுமே. அதுவும் சிறிய லாபம் அல்ல.

கேள்வி: உறவினர் ஒருவர் தம் பழைய நிக்கான் 50 மி.மீ. எஃப் 1.8 டி லென்ஸைத் தருவதாகச் சொல்கிறார். என்னிடம் இருப்பது டி5600. வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: பொருந்தும், ஆனால் தானாக ஃபோகஸ் ஆகாது. அந்த லென்ஸுக்குள் மோட்டார் இல்லை. கேமராவில் உள்ள மோட்டார்தான் அதைச் சுழற்ற வேண்டும். உங்கள் டி5600இலோ அந்த மோட்டாரே கிடையாது. ஒளி அளவீடு வழக்கம்போல வேலை செய்யும். லென்ஸின் அப்பர்ச்சர் வளையத்தை 22இல் வைத்துப் பூட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் கேமரா பிழை காட்டி நின்றுவிடும். அசையாத பொருட்களைக் கையால் ஃபோகஸ் செய்து எடுக்கும் பொறுமை இருந்தால் தாராளமாக வாங்கலாம்.

வாங்கும் முன், டார்ச் விளக்கை ஒரு பக்கத்திலிருந்து அடித்து மறுபக்கத்திலிருந்து பாருங்கள். சிலந்தி நூல் போலக் கண்ணாடிக்குள் படர்ந்திருந்தால் அது பூஞ்சை; வேண்டாம் என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள். ஓரிரு தூசிகள் இருந்தால் படத்தில் தெரியாது. அப்பர்ச்சர் தகடுகளில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்றும் கவனியுங்கள். தகடுகள் ஒட்டிக்கொண்டு மெதுவாக மூடினால் படம் அளவுக்கு மீறி வெளுத்துவிடும்.

கேள்வி: 55-250 மி.மீ. லென்ஸில் பறவைகள் புள்ளியாகத்தான் தெரிகின்றன. 400 மி.மீ. வாங்கினால் தீருமா?

பதில்: 250இலிருந்து 400க்குப் போனால் பறவை 1.6 மடங்கு பெரிதாகத் தெரியும். இருபது மீட்டரில் இருக்கும் பறவையைப் பத்து மீட்டரில் எடுத்தால், இப்போதுள்ள லென்ஸிலேயே இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும். முதலில் ஒரே இடத்தில் அசையாமல் அமர்ந்து, பறவை தானாக அருகில் வரும்வரை காத்திருந்து பாருங்கள். நீர்ப்பறவைகளைப் போல, நெருங்கவே முடியாத தூரத்தில் இருப்பவைதான் உங்கள் விருப்பம் என்றால், 400ஐ வாங்குவதில் தவறில்லை. அதன் எடையைக் கையிலேந்தி அரைமணி நேரம் நின்று பார்த்த பிறகு வாங்குங்கள்.