அணைத்தாலும் மீண்டும் எரியும் மஞ்சள் விளக்கு: வாசகர் கேள்வி – பதில்

அண்மையில் இப்பகுதிக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை எஸ்யூவி வைத்திருப்பவர்கள் எழுதியவை. குறையும் ஏறத்தாழ ஒன்றேதான்: டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிகிறது, சர்வீஸ் சென்டரில் அணைத்துக் கொடுக்கிறார்கள், சில வாரங்களில் மறுபடி எரிகிறது. எனவே இந்த இதழின் பக்கங்களை அவர்களுக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: ஐயா, 2021-இல் டீசல் எஸ்யூவி வாங்கினேன். வேளச்சேரியிலிருந்து கிண்டிக்கு அலுவலகம் செல்வதற்கும் பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதற்குமே பெரும்பாலும் பயன்படுவதால் இதுவரை 26,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை டிபிஎஃப் (புகை வடிகட்டி) விளக்கு எரிந்து வண்டியின் இழுவை குறைந்துவிடுகிறது. ஐந்து முறை சர்வீஸ் சென்டரில் ரீஜெனரேஷன் செய்து கொடுத்தார்கள். போதாக்குறைக்கு, இப்போது இன்ஜின் ஆயில் அளவு மேல்கோட்டைத் தாண்டி நிற்கிறது. ஆயில் குறைவதைக் கேள்விப்பட்டிருக்கிறேன், கூடுவது எப்படி?
– வாசகர், சென்னை-42

பதில்: அவசரம் ஆயிலில்தான் இருப்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் இன்ஜினில் கூடியிருப்பது ஆயில் அன்று, டீசல். அடுத்த சர்வீஸ் வரை காத்திருக்காமல் ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் உடனே மாற்றுங்கள். டீசல் கலந்து நீர்த்துப்போன ஆயில், இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவையும் பேரிங்குகளையும் தேய்த்துவிடும்.

டீசல் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதிலேயே விளக்கு ஏன் எரிகிறது என்பதற்கும் விடை இருக்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பிஎஸ்-6 (பாரத் ஸ்டேஜ்) புகைமாசு விதி, டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு வெளியிடக்கூடிய துகள்மாசை 25 மில்லிகிராமிலிருந்து 4.5 மில்லிகிராமாகக் குறைத்தது. அதற்காகப் புகைக்குழாயில் ஒரு பீங்கான் வடிகட்டி வந்து சேர்ந்தது, அதுதான் டிபிஎஃப். தேனடை போன்ற அதன் நுண்குழாய்கள் ஒன்றுவிட்டு ஒன்று ஒரு முனையில் அடைக்கப்பட்டிருப்பதால், புகை சுவரின் ஊடாகக் கசிந்துதான் வெளியேற முடியும். கரி சுவரிலேயே தங்கிவிடும். தங்கிய கரியை அவ்வப்போது எரித்துவிட வேண்டும் என்றால் ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். நகர நெரிசலில் ஊர்ந்து செல்லும் வண்டியின் புகைக்கு அந்த வெப்பம் கிடையாது. ஆகவே வண்டியின் கணினி, சிலிண்டருக்குள் எரிதல் முடிந்த பிறகும் கொஞ்சம் டீசலைக் கூடுதலாகத் தெளிக்கிறது. அது புகையோடு சென்று, வடிகட்டிக்கு முன்னுள்ள வினையூக்கியில் எரிந்து வெப்பத்தை உயர்த்துகிறது. இதுவே ரீஜெனரேஷன்.

இந்த வேலை முடிய, இன்ஜின் நன்றாகச் சூடேறிய நிலையில் ஏறத்தாழ 15 முதல் 20 நிமிடம் தடையின்றி ஓட வேண்டும். நீங்களோ கணினி வேலையைத் தொடங்கும் நேரத்தில் அலுவலக வாசலில் வண்டியை அணைத்துவிடுகிறீர்கள். மறுநாள் அது மீண்டும் தொடங்குகிறது, மீண்டும் பாதியில் நிற்கிறது. ஒவ்வொரு முறையும் கூடுதலாகத் தெளித்த டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவரில் வழிந்து கீழே ஆயிலில் கலக்கிறது. அடைப்பும் தீரவில்லை, ஆயிலும் கெட்டது.

வேலை நடந்துகொண்டிருப்பதை நீங்களே கண்டுகொள்ளலாம். சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் வழக்கத்தைவிடச் சற்று வேகமாகச் சுற்றும். திரையில் காட்டும் மைலேஜ் திடீரென்று சரியும். இலேசான தீய்ந்த வாடை வரும். அணைத்த பிறகும் ரேடியேட்டர் விசிறி ஓடிக்கொண்டிருக்கும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே அணைக்காமல், ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து நிறுத்துங்கள். அதற்கு மேல், இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது வண்டலூர் – மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் அரைமணி நேரம் சீரான வேகத்தில், கியரை ஒரு படி குறைத்து, இன்ஜின் சுற்று 2,000-க்குக் குறையாமல் ஓட்டுங்கள். டேங்கில் கால்பங்காவது டீசல் இருக்கட்டும். எரிபொருள் மிகக் குறைவாக இருந்தால் பல வண்டிகளில் கணினி இந்த வேலையைத் தொடங்காது. டிபிஎஃப் விளக்கு மட்டும் எரிந்தால் இப்படி ஓட்டிப் பார்க்கலாம். அதோடு இன்ஜின் விளக்கும் எரிந்து இழுவையும் குறைந்துவிட்டால் ஓட்டிச் சரிசெய்ய முயலாதீர்கள், பட்டறைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

“உங்கள் ஓட்டும் முறை சரியில்லை” என்று சர்வீஸ் சென்டரில் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் அந்த உண்மையை ஐந்தாம் முறை பில் போடும்போது சொல்வதில் நேர்மை இல்லை. நாளொன்றுக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட்டுபவர் என்று தெரிந்தே டீசல் வண்டியைக் கைகாட்டிய அன்று, ஷோரூமில் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் ஓட்டம் மாறப்போவதில்லை என்றால், நல்ல விலை கிடைக்கும்போதே இதைக் கொடுத்துவிட்டுப் பெட்ரோல் வண்டிக்கு மாறுவதே என் யோசனை.

கேள்வி: நான் நாள்தோறும் பெரம்பலூரிலிருந்து திருச்சிக்கு நான்குவழிச் சாலையில் போய்வருகிறேன். நகர ஓட்டம் இல்லவே இல்லை. இருந்தும் 72,000 கிலோமீட்டருக்குள் டிபிஎஃப்பை இரண்டு முறை சுத்தம் செய்து, ஒருமுறை புதிதாகவும் மாற்றியாகிவிட்டது. ஆறு மாதத்தில் மறுபடியும் பி2463 என்ற அதே பழுதுக் குறியீடு ஸ்கேனரில் வருகிறது. டீசல் சரியில்லை என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், பெரம்பலூர்

பதில்: ஈர விறகை வைத்து எரித்தால், பானையை எத்தனை முறை துலக்கினாலும் மறுநாளும் கரி பிடிக்கத்தான் செய்யும். உங்கள் வண்டியில் இதுவரை பானையை மட்டுமே துலக்கியிருக்கிறார்கள். பி2463 என்பது வடிகட்டியில் கரி அளவுக்கு மீறிச் சேர்ந்துவிட்டது என்று மட்டுமே சொல்கிறது. வடிகட்டி கெட்டுவிட்டது என்று சொல்லவில்லை. உங்கள் ஓட்டத்தில் கரி தானாகவே எரிந்திருக்க வேண்டும். எரிவதைவிட வேகமாகச் சேர்கிறது என்றால், எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டியது இன்ஜின் பக்கத்தில்.

முதல் சந்தேகம் இன்ஜெக்டர் மீது. இன்றைய டீசல் இன்ஜின்களில் எரிபொருள் 1,600 முதல் 2,000 பார் அழுத்தத்தில், கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் வழியாகப் பனிமூட்டம்போலத் தெளிக்கப்படுகிறது. ஒரு துளை தேய்ந்தாலும், ஊசி சரியாக மூடாமல் சொட்டினாலும், அந்தச் சொட்டு முழுதாக எரியாமல் கரியாகிறது. நான்கு இன்ஜெக்டர்களிலிருந்தும் திரும்பிவரும் டீசலின் அளவை ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனை எளியது. அதை இதுவரை செய்தார்களா என்று கேளுங்கள். அடுத்து ஈஜிஆர் வால்வு. புகையில் ஒரு பங்கைத் திரும்ப இன்ஜினுக்குள் அனுப்பும் இந்த வால்வு கரியேறித் திறந்தபடியே சிக்கிக்கொண்டால், காற்று போதாமல் புகை கறுக்கும். டர்போவிலிருந்து வரும் ரப்பர் குழாயில் கீறல் இருந்தாலும் இதே கதைதான். அந்தக் கீறல், வண்டி நின்றுகொண்டிருக்கும்போது பெரும்பாலும் தெரியாது.

பலர் மறந்துவிடும் ஒன்றும் உண்டு. வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாட்டை அளக்கும் சென்சாருக்கு இரண்டு சிறு குழாய்கள் செல்கின்றன. அவற்றில் ஒன்று விரிசல் கண்டாலோ அடைபட்டாலோ கணினிக்குப் பொய்க்கணக்குப் போகும். புதிய வடிகட்டியைப் பொருத்திய பின் பழைய கணக்கைக் கணினியில் பூஜ்யமாக்காமல் விட்டாலும் அப்படியே. பத்து நிமிட வேலையைச் செய்யாததற்காக ஒருவர் லட்ச ரூபாய் கணக்கில் செலவழிப்பது எனக்கு ஆறாத கோபத்தைத் தருகிறது.

ஆயிலையும் பாருங்கள். டிபிஎஃப் உள்ள வண்டிக்குச் சாம்பல் குறைவாக விடும் ஆயில்தான் ஊற்ற வேண்டும். எந்தத் தரம் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். கரி எரிந்துபோகும், ஆயிலின் சாம்பல் எரியாது. அது வடிகட்டியில் நிரந்தரமாகத் தங்கிவிடும்.

டீசல் மீது பழிபோடுவதற்கு வருகிறேன். பிஎஸ்-6 டீசலில் கந்தகம் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) அளவுதான். அதற்கு முன் 50 இருந்தது. எனவே எரிபொருளின் தரம் பொதுவாக உயர்ந்தே இருக்கிறது. மழைக்காலத்தில் பங்க்கின் நிலத்தடித் தொட்டியில் நீர் இறங்குவது வேறு விஷயம்; அது இன்ஜெக்டரை அரிக்கும். டீசல் ஃபில்டரின் அடியில் உள்ள திருகைத் திறந்து கண்ணாடிக் குப்பியில் பிடித்துப் பார்த்தால் நீர் அடியில் தங்கி நிற்பது தெரிந்துவிடும். நீர் இல்லையென்றால், டீசல் என்ற சமாதானத்தை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: டீசல் புகையைச் சுத்தம் செய்யும் ஆட்ப்ளூ திரவத்தின் டேங்க் நிறைந்திருக்கிறது. ஆனாலும் இன்னும் 600 கிலோமீட்டரில் வண்டி ஸ்டார்ட் ஆகாது என்று திரை எச்சரிக்கிறது. பம்ப் ஒருமுறை மாற்றியாகிவிட்டது. வயலுக்குப் போடும் யூரியாவையே நீரில் கரைத்து ஊற்றினால் செலவு மிச்சம் என்று நண்பர் சொல்கிறார். ஊற்றலாமா?
– வாசகர், கோவில்பட்டி

பதில்: கூடவே கூடாது. ஆட்ப்ளூ என்பது 32.5 விழுக்காடு தூய யூரியாவும், தாது நீக்கிய நீரும் மட்டுமே. வேப்பெண்ணெய் பூசிய வயல் யூரியா அதற்கு ஆகாது. குழாய் நீரில் உள்ள சுண்ணாம்பே வினையூக்கியைக் கெடுக்கப் போதும். மிச்சம் பிடிப்பது நூறுகளில், இழப்பது பல்லாயிரங்களில்.

டேங்க் நிறைந்திருந்தும் எச்சரிக்கை வருவதற்குக் காரணம், கணினி திரவத்தின் அளவை மட்டும் பார்ப்பதில்லை என்பதே. யூரியா புகையின் சூட்டில் அம்மோனியாவாக மாறி, நைட்ரஜன் ஆக்சைடுகளைச் சாதாரண நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்ற வேண்டும். அந்த வேலை நடந்ததா என்பதைப் புகைக்குழாயில் உள்ள நாக்ஸ் சென்சார் அளக்கிறது. சென்சார் பழுதானாலும், தெளிக்கும் முனையில் வெள்ளை உப்புப்போல யூரியா படிந்து அடைத்தாலும், திரவம் பழசாகி வீரியம் இழந்தாலும் கணினிக்கு எல்லாம் ஒன்றுதான். பம்ப்பை மாற்றும் முன் முனையைக் கழற்றிப் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

வெயிலைப் பற்றியும் ஒரு சொல். இந்தத் திரவம் 25 டிகிரியில் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு கெடாமல் இருக்கும். 35 டிகிரியில் ஆறு மாதம்தான். மலிவாகக் கிடைத்ததென்று வாங்கிக் கோவில்பட்டி வெயிலில் தகரக் கொட்டகையில் அடுக்கிவைத்த கேன் நீங்கள் ஊற்றும்போது ஆட்ப்ளூவாக இருக்காது. கேனின் மேல் உள்ள தயாரிப்புத் தேதியைப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: டிபிஎஃப்பையே கழற்றிவிட்டு, கணினியிலும் மாற்றம் செய்து தருவதாக ஒரு பட்டறையில் சொல்கிறார்கள். புகைச் சோதனையிலும் சிக்கல் வராதாம்.
– வாசகர், ஈரோடு

பதில்: புகைச் சோதனையில் தப்பலாம் என்பது ஓரளவு உண்மையாகவே இருக்கக்கூடும்; நம் ஊர்ச் சோதனை டீசல் புகையின் கருமையைத்தான் பார்க்கிறது. ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இத்தகைய மாற்றத்தை அனுமதிக்கவில்லை. 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உரிமையாளருக்குத்தான். பட்டறைக்காரர் உங்களோடு வரமாட்டார். வாரண்டியும் போய்விடும். வேண்டாம்.

கேள்வி: 2017-இல் வாங்கிய பெட்ரோல் எஸ்யூவி. ஓராண்டில் இரண்டு முறை பெட்ரோல் பம்ப் பழுதாகிவிட்டது, மைலேஜும் குறைந்துவிட்டது. எல்லாம் பெட்ரோலில் கலக்கும் எத்தனால் செய்த வேலை என்கிறார்களே?
– வாசகி, மதுரை

பதில்: மைலேஜ் குறைவதில் எத்தனாலுக்குப் பங்கு உண்டு. ஒரே அளவு பெட்ரோலைவிட எத்தனாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. 20 விழுக்காடு கலந்தால், பழைய முறையில் அமைந்த கார்களில் 6 முதல் 7 விழுக்காடு வரை மைலேஜ் குறையலாம் என்று 2021-இல் வந்த நிதி ஆயோக் அறிக்கையே குறிப்பிட்டது. உங்கள் வண்டியில் மைலேஜ் அதைவிட மிகுதியாகக் குறைந்திருந்தால் காரணம் வேறு.

பம்ப் விஷயத்தில் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். எத்தனால் நீரை ஈர்க்கும், டேங்கில் நெடுநாள் படிந்த அழுக்கைக் கிளப்பிவிடும், அதற்கென அமையாத ரப்பர் பாகங்களை உப்பச் செய்யும். ஆனால் டேங்கைக் கழுவாமல் அதே அழுக்கில் இரண்டாவது பம்ப்பை இறக்கினார்களா என்பதையும் கேட்க வேண்டும். மேலும், பம்ப் டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கியிருப்பதால்தான் சூடு தணிகிறது. எப்போதும் ரிசர்வ் விளக்கு எரிய ஓட்டும் பழக்கம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்திவைக்கவும் வேண்டாம்.

கேள்வி: வாரண்டி காலத்துக்குள் எட்டு முறை பட்டறைக்குப் போயாகிவிட்டது. இப்போது வடிகட்டியை மாற்ற வேண்டும், அது வாரண்டியில் வராது, பணம் கட்டினால்தான் வண்டியைத் தருவோம் என்கிறார்கள். நான் என்ன செய்வது?
– வாசகர், திருச்சி

பதில்: முதலில் காகிதத்தைச் சேருங்கள். எட்டு முறைக்கும் ஜாப் கார்டு நகல், ஸ்கேனரில் வந்த குறியீட்டின் அச்சுப்படி, செய்த வேலையின் விவரம் ஆகியவற்றை மின்னஞ்சலில் கேளுங்கள். “விளக்கு எரிகிறது” என்று நீங்கள் சொன்ன குறையை அவர்கள் “பொதுச் சோதனை” என்று பதிந்திருந்தால், அதையும் மின்னஞ்சலிலேயே மறுத்து எழுதுங்கள். தொலைபேசியில் பேசியது எதுவும் பின்னர் உதவாது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, 50 லட்ச ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மாவட்ட ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவது நல்லது. அந்த நிலையிலேயே சில நிறுவனங்கள் இறங்கிவருவதுண்டு. ஆணையத்தில், இது தயாரிப்புக் குறை என்பதை நிறுவுவதுதான் கடினம். ஓட்டும் முறைதான் காரணம் என்று அவர்கள் வாதிடுவார்கள். அதற்கு விடையாகச் சுங்கச்சாவடி ஃபாஸ்டேக் கணக்கை எடுத்து வையுங்கள். நீங்கள் நெடுஞ்சாலையில் ஓட்டியிருந்தால் அதுவே சான்று. தகுந்த ஆய்வகத்தின் சோதனைக்கு அனுப்பும்படி ஆணையத்தைக் கேட்கவும் சட்டத்தில் இடம் உண்டு. இதே குறை அதே மாடலில் பலருக்கும் இருந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவின்கீழ் ஒன்றிய அரசு அந்த வண்டிகளைத் திரும்பப் பெற ஆணையிடலாம். அதற்கான புகாரைப் பரிவாகன் தளத்தில் உரிமையாளர் ஒவ்வொருவரும் தனித்தனியே பதிய வேண்டும்.

வண்டி இல்லாமல் முடியாது என்றால் பணத்தைக் கட்டி எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் “ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்” என்று பில்லில் எழுதிக் கையொப்பமிட்டு, அதைப் படம் பிடித்துவிட்டு, கழற்றிய பழைய வடிகட்டியைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். பணம் கொடுத்து மாற்றியதால் அது உங்களுடையது, பின்னர் சோதனைக்கு அனுப்ப வேண்டியதும் அதுதான்.