படம் ஓட்டினால் பயிற்சி ஆகிவிடுமா? – வாசகர் கேள்வி-பதில்

எங்கள் ஷெட்டில் பயிற்சி நடத்த நல்ல புரொஜெக்டர் ஒன்று சொல்லுங்கள்.
(ராணிப்பேட்டை சிப்காட்)

எத்தனை பேர், எவ்வளவு தூரம், ஜன்னலுக்குத் திரைச்சீலை உண்டா? எதையுமே எழுதாமல் 'நல்லது ஒன்று' என்றால் எதைச் சொல்வது? பதினைந்து பேருக்குள் என்றால் புரொஜெக்டரே வேண்டாம், 55 அங்குல டிவி போதும். கடைசி ஆள் நாலு மீட்டருக்குள் உட்கார வேண்டும். திரையின் உயரத்தைப்போல் ஆறு மடங்கு தாண்டினால் எழுத்து படிக்க வராது. முப்பது நாற்பது பேர், பகல் வெளிச்சம் என்றால் புரொஜெக்டரின் ஒளி அளவு 4,000 லூமென்ஸுக்குக் குறையாமல் பாருங்கள். அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பதை நம்பாமல், ஆன்சி லூமென்ஸ் (தர முறைப்படி அளந்த ஒளி) எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள்.

பல மாடல்கள் சுற்றுவெப்பம் 35, 40 டிகிரி வரைதான் தாங்கும். நம் ஊர் மே மாதத்தில் தகரக் கூரைக்குக் கீழே வைத்தால் தானாக அணைந்துவிடும். பஃபிங் (தோலைத் தேய்த்து மெருகேற்றுவது) தூசி பறக்கிற இடமென்றால் ஃபில்டரை வாரம் ஒருமுறை தட்டுங்கள். லேம்ப் மாடலுக்குச் சின்ன யுபிஎஸ் அவசியம்; கரண்ட் போனதும் ஃபேன் நின்று, சூட்டிலேயே லேம்பின் ஆயுள் போய்விடும். எதை வாங்கினாலும் முந்தின நாளே, அதே அறையில், அதே நேரத்தில் ஓட்டிப் பாருங்கள்.

தமிழில் அடித்த ஸ்லைடு பயிற்சி அறைக் கணினியில் புரியாத எழுத்தாக வருகிறது.
(ஆற்காடு)

பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்திருப்பீர்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அப்படித்தான் வரும். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாற்றி, லதா அல்லது நிர்மலா யூஐ போடுங்கள். 28 புள்ளிக்குக் கீழே போகாதீர்கள், ஒரு ஸ்லைடில் ஐந்து வரிக்கு மேல் வேண்டாம். முந்தின நாள் ஓட்டிப் பார்த்திருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது.

ஸ்டிச்சிங் பயிற்சிக்கு விஆர் ஹெட்செட் (கண்ணில் மாட்டும் மெய்நிகர் திரை) வாங்கலாமா?
(ஆம்பூர், ஷூ கம்பெனி)

வேண்டாம். தையல் என்பது கால் பெடலிலும் விரல் நுனியிலும் இருக்கிற வேலை. நூல் கோக்காத மெஷினில், கோடு போட்ட காகிதத்தை ஓட்டச் சொல்லுங்கள். நேர்க்கோடு, வளைவு, மூலை என்ற வரிசையில். கை பழகியதும் கழிவுத் தோல். ஊசித் துளை விழுந்த தோல் விழுந்ததுதான், அதனால் ஷூவின் மேல்பகுதியான அப்பரைக் கடைசியில் கொடுங்கள்.

டேனரி (தோல் பதனிடும் ஆலை) ஆட்களுக்குப் பாதுகாப்பு வீடியோ காட்டி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டோம். ஆடிட்டுக்கு இது போதும்தானே?
(மேல்விஷாரம்)

ஆடிட்டுக்குப் போதலாம். தொட்டிப் பக்கம் வேலை செய்கிறவருக்குப் போதாது. இந்தப் பகுதியில் எங்கே கேட்டாலும் இதே பேச்சு: வீடியோ போட்டோம், கையெழுத்து இருக்கிறது, ஃபைல் ரெடி. கையெழுத்து, ஆள் அறையில் இருந்தார் என்பதற்குச் சாட்சி. அவர் என்ன கற்றார் என்று அது சொல்லாது.

நீங்கள் அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். 'அழுகிய முட்டை நாற்றம் வந்தால் உடனே வெளியேறவும்' என்று ஒரு வரி, அவ்வளவுதான். தோலில் முடி நீக்கும் சுண்ணாம்புத் தண்ணீரில் சோடியம் சல்ஃபைடு இருக்கிறது. அதே சாக்கடையில் பிக்கிள் (தோலை அமிலத்தில் ஊறவைப்பது) ஆசிட் தண்ணீர் கலந்தால், அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயு கிளம்பும். காற்றில் சுமார் 100 பிபிஎம்மில் (பத்து லட்சத்தில் நூறு பங்கு) மூக்கு மரத்துப்போகும், நாற்றம் தெரியாது. 'நாற்றம் இல்லை, தொட்டிக்குள் இறங்கலாம்' என்று ஆள் நினைப்பது அந்த நிமிடத்தில்தான். உங்கள் வீடியோ அந்த நினைப்பை வளர்க்கிறது. முதலில் அந்த வரியை எடுங்கள்.

பிறகு இப்படிச் செய்யுங்கள். வீடியோ மூன்று நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். நிறுத்திவிட்டு நாலு வாயு டிடெக்டரை (நாலு வகை வாயுவை அளக்கும் கருவி) ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள். சோதனை வாயு காட்டி, அலாரம் அடிக்கிறதா என்று பார்ப்பதை அவரே செய்யட்டும்; பம்ப் டெஸ்ட் (bump test) என்கிற இந்தச் சோதனை அன்றாட வேலை. ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடக் கனம், அடியில் தங்கும். அதனால் டிடெக்டரின் குழாயைத் தொட்டிக்குள் இறக்கி மேல், நடு, அடி மூன்று மட்டத்திலும் அளந்து, வாய்விட்டுப் படிக்க வேண்டும். ஹைட்ரஜன் சல்ஃபைடு 10 பிபிஎம் தொட்டாலோ, ஆக்ஸிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே போனாலோ யாரும் இறங்கக் கூடாது. கடைசியாக, 60 கிலோ மணல் மூட்டையை டிரைபாட் வின்ச்சில் (முக்காலியில் பொருத்திய கயிற்று உருளை) வெளியிலிருந்தே தூக்கச் சொல்லுங்கள். விழுந்தவரைக் காப்பாற்றக் குதிப்பவர்தான் அடுத்த பிணம். குதிக்காமல் நிற்பதையும் பழக்கத்தான் வேண்டும், எந்த வீடியோவும் அதைக் கற்றுத் தராது.

மொழி இன்னொன்று. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் கசடுத் தொட்டியின் சுவர் இடிந்து பத்துப் பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்துத் தொழிலாளர்கள். அது வேறு வகை விபத்துதான். ஆனாலும் உங்கள் ஷெட்டில் பாதிப் பேர் வங்காளமோ இந்தியோ பேசும்போது தமிழ் வீடியோ யாருக்கு? அவர்களிலேயே ஒருவரைப் பேச வைத்துக் குரலை மாற்றுங்கள். ஒரு நாள் வேலை.

ஃபோனில் எடுத்த பயிற்சி வீடியோவில் கறுப்புக் கோடுகள் ஓடுகின்றன. சத்தமும் தெளிவில்லை.
(குடியாத்தம்)

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; அதற்கேற்ப விளக்கு துடிப்பதுதான் கோடாக விழுகிறது. கேமராவின் ப்ரோ மோடில் ஷட்டரை 1/50 அல்லது 1/100 விநாடியில் வையுங்கள், கோடு போய்விடும். சத்தத்துக்கு ஷெட்டில் மல்லுக்கட்டாதீர்கள். படத்தை மட்டும் எடுத்து, குரலை அமைதியான அறையில் தனியாகப் பதியுங்கள். எதிரில் நின்று எடுத்தால் பார்க்கிறவருக்கு இடது வலது மாறும். வேலை செய்கிறவரின் தோளுக்குப் பின்னால் நின்று, கை மட்டும் திரை நிறைய வருகிற மாதிரி எடுங்கள். ஒரு வேலைக்கு ஒன்றரை நிமிடம்.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வீடியோ மங்குகிறது.
(வாணியம்பாடி)

டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள்.

கை கழுவும் வீடியோவைப் புது நர்சுகள் அலுப்போடு பார்க்கிறார்கள்.
(வேலூர்)

அலுப்புதான் வரும். புற ஊதா விளக்கில் ஒளிரும் ஜெல் கிடைக்கிறது. அதைத் தேய்க்கச் சொல்லி, வழக்கம்போலக் கழுவவிட்டு, இருட்டில் விளக்கின் கீழே கையை நீட்டச் சொல்லுங்கள். கட்டைவிரலின் அடி, விரல் நுனி, நகக்கண் எல்லாம் மினுக்கும். அதன் பிறகு வீடியோவைப் போடுங்கள், 40 முதல் 60 விநாடி ஏன் என்று அவர்களே கேட்பார்கள்.

பயிற்சி முடிந்து கூகுள் ஃபார்மில் தேர்வு வைத்தோம். எல்லோரும் பத்துக்குப் பத்து. நம்பலாமா?
(காட்பாடி)

ஒரே ஃபோன் பத்துக் கை மாறியிருக்கும். நேரக் குறிப்பைப் பாருங்கள், அரை நிமிடத்துக்கு ஒன்றாகப் பதில் விழுந்திருக்கும். அந்த ஃபார்மை விட்டுவிட்டு, உங்கள் மெஷினையே தப்பாக அமைத்து ஒரு படம் எடுங்கள்: கார்டு (பாதுகாப்பு மூடி) கழற்றியது, கையுறை இல்லாதது என்று நாலு தப்பு வையுங்கள். ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு எத்தனை தப்பு என்று காட்டச் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்து வேறு படத்தோடு மறுபடியும்.